இருக்கையின் முதுகில் ஒரு முகம்

காரின் கதவைத் திறந்ததும் மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். மூக்கி முகர்ந்து பார்ப்பாள்.

“ஆரஞ்சுத் தோல்,” என்பாள். “ஈரக் குடை. பின்னாடி சீட்டுல பால் கொட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் நாய். பெரிய நாய்.”

வண்டிக்காரர் அசந்துபோவார். “எங்க வீட்டுல நாய் இருக்குறது இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பார்.

“எங்க கடையில மெஷினுக்கு முன்னாடி அவ மூக்குதான் வேலைக்கு இறங்கும்,” என்று அம்மா சிரிப்பாள்.

அப்படித்தான் அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு மூக்கி என்று பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு அழகான பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அம்மாவின் கடை வீட்டுக்கு நேர் கீழே இருந்தது. இரும்புக் கதவைத் தூக்கிவிட்டால் இரண்டு கார்கள் நிற்கிற அளவுக்கு இடம். சுவரெல்லாம் கொக்கிகள், கொக்கிகளில் விதவிதமான பிரஷ்கள், மூலையில் மடித்து அடுக்கிய துணிகள். அம்மா காரின் வெளிப்புறத்தைத் தொடவே மாட்டாள். உள்ளே இருக்கும் இருக்கைகள்தான் அவளுடைய வேலை. அதிலும் தோல் இருக்கை என்றால் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை மதியம், பழுப்பு நிறத் தோல் இருக்கைகள் கொண்ட பழைய கார் ஒன்று கடைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காதில் போனை வைத்துக்கொண்டே இறங்கினார். அவர் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்கு மூக்குக்கண்ணாடி விற்பவர். பின் கதவைத் திறந்துகொண்டு அவருடைய மகளும் இறங்கினாள். ஐந்து வயது இருக்கும். சுண்டுவிரல் மாதிரி சின்னதாக இருந்தாள். அதனாலோ என்னவோ அப்பா அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்.

“சுண்டு, அந்த நாற்காலியில உக்காரு. எதையும் தொடாதே,” என்றார் கண்ணாடிக்காரர். பிறகு போனை இறக்கிவிட்டு அம்மாவிடம் திரும்பினார். “மேடம், வண்டியை வித்துட்டேன். வாங்குறவங்க நாலு மணிக்கு இங்கேயே வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள சீட்டெல்லாம் பளிச்சுனு ஆயிடுமா?”

அம்மா இருக்கையைத் தடவிப் பார்த்தாள். “தோல் நல்ல தோல் சார். ஆனா ரொம்பக் காஞ்சு கிடக்கு. அழுக்கை எடுத்துட்டு க்ரீம் போடணும். மூணு மணிக்குப் போட்டாத்தான் தோல் அதைக் குடிச்சு முடிக்க நேரம் சரியா இருக்கும்.”

“பாத்துக்கங்க மேடம், உங்களை நம்பித்தான்...” என்பதற்குள் போன் மறுபடி கூப்பிட்டது. அவர் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

மூக்கி வழக்கம்போல முகர்ந்தாள். “புதுப் பிளாஸ்டிக். கண்ணாடிச் சட்டம்தான். பிஸ்கட். பென்சில் சீவின வாசனை.”

அம்மா முன் இருக்கையின் தையல் இடுக்குகளில் இருந்த தூசியை உறிஞ்சும் கருவியால் எடுக்க ஆரம்பித்தாள். மூக்கிக்குப் பின்பக்கம். நுரையை இருக்கையின் மேல் நேராக அடிக்கக் கூடாது, பிரஷில்தான் அடிக்க வேண்டும். மெதுவாக வட்டம் வட்டமாகப் போக வேண்டும். அதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை.

ஓட்டுநர் இருக்கையின் முதுகைப் பார்த்ததும், “அய்யய்யோ!” என்றாள். இருக்கைக்குப் பின்னால் நீலப் பேனாவால் யாரோ பெரிதாக ஒரு முகத்தைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். வட்டத் தலை, மூக்குக்கண்ணாடி, தலையில் நட்டு வைத்த மாதிரி ஏழு முடிகள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சிரிப்பு.

பேனா மை என்றால் மூக்கிக்கு உற்சாகம் வந்துவிடும். மை எடுக்கும் மருந்தை அம்மா ஒரு துணி மூலையில் தொட்டுவைத்திருந்தாள். அதை எடுத்து, சன்னல் பக்கம் இருந்த காதின் மேல் வைத்து ஒற்றினாள். நாலு ஒற்று. காது போயே போய்விட்டது.

“பாத்தியாம்மா, எவ்வளவு லேசா...”

அவள் முடிக்கவில்லை. கடையே அதிரும்படி ஓர் அலறல் கேட்டது.

“அப்பாவோட காது!”

நாற்காலியிலிருந்து சுண்டு பாய்ந்து வந்தாள். மூக்கியின் கைக்கு அடியில் நுழைந்து காருக்குள் ஏறினாள். முன் இருக்கையின் முதுகை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, கன்னத்தை அதில் பதித்துக்கொண்டாள். அந்த அணைப்பில் முகம் முழுக்க மறைந்துபோனது. ஏழு முடிகள் மட்டும் அவள் தலைக்கு மேல் தெரிந்தன.

கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். “என்ன ஆச்சு? அடிபட்டுச்சா?”

“இல்ல அங்கிள். நான் அந்தப் படத்தை...” மூக்கி இருக்கையைக் கைகாட்டினாள்.

அவர் அப்போதுதான் இருக்கையின் முதுகைக் கவனித்தார். “இது எப்போ கிறுக்கினே? வண்டி வாங்குறவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? இறங்கு சுண்டு.”

சுண்டு இறங்கவில்லை.

“சொன்னா கேக்க மாட்டியா? அவங்களுக்கு வேலை இருக்கு.”

சுண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடிக்காரர் கையைப் பிசைந்தார். அதற்குள் போன் வந்தது. “மேடம், ஒரே நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார்.

மூக்கி காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பாக எதுவும் செய்யவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்தாள். ஆனாலும் அந்தக் காதைத் துடைத்தது அவள் கைதானே! அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் வரைந்த படத்தை யாராவது கேட்காமல் அழித்திருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாளா?

“அம்மா, எனக்குக் கொஞ்ச நேரம் குடேன்,” என்றாள்.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். “ரெண்டரை வரைக்கும். அதுக்கு மேல போனா க்ரீம் போட நேரம் இருக்காது. பாவம், அந்த மனுஷனும் வாக்குக் குடுத்துட்டு நிக்கிறாரு.”

மூக்கி மறுபக்கக் கதவைத் திறந்து, சுண்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். அவசரப்படுத்தினால் அழுக்கே வராது, பேச்சா வரும்?

“அந்தக் காதை நான்தான் துடைச்சேன்,” என்றாள் கடைசியில். “அது உங்க அப்பான்னு எனக்குத் தெரியாது. ஸாரி.”

இருக்கையின் முதுகில் ஒட்டியிருந்த கன்னம் சற்றே திரும்பியது. ஒரு கண் அவளைப் பார்த்தது.

“கண்ணாடி போட்டிருக்குல்ல? அப்பாதான்னு தெரியலையா?”

“இப்போ தெரியுது. மீசை கூட அப்படியே இருக்கு.”

“அது மீசை இல்ல. மூக்கு.”

“ஓ!” என்றாள் மூக்கி. மூக்கைப் பற்றி மூக்கியே ஏமாந்தது அன்றைக்குத்தான்.

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவள் உடனே அடக்கிக்கொண்டாள்.

“எதுக்கு இங்க வரைஞ்சே? நோட்டுல வரையலாம்ல?”

“நோட்டு மடியில இருக்கும். அது எதிர்ல இருக்காது,” என்றாள் சுண்டு, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதியத்தில்தான் வேலை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா காரில் ஏற்றிக்கொள்வார். ஒரு கடை, இன்னொரு கடை, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். தினமும் இருட்டும்வரை அவள் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரிவதெல்லாம் அப்பாவின் பின்மண்டையும் இந்தப் பழுப்பு நிறத் தோலும்தான்.

“பேச மாட்டாரா?”

“பேசுவாரு. ஆனா திரும்ப மாட்டாரு.”

“வண்டி ஓட்டும்போது திரும்பினா எங்கயாவது இடிச்சிடும்ல?”

“எனக்குத் தெரியாதா? அதான் நான் திரும்பச் சொல்லவே மாட்டேன்,” என்றாள் சுண்டு. “முகத்தை நானே வரைஞ்சுக்கிட்டேன். ஸ்கூல்ல நடந்ததை எல்லாம் இதுகிட்டத்தான் சொல்லுவேன்.”

“இது பதில் சொல்லுமா?”

“சொல்லாது. ஆனா முகத்தைப் பாத்துப் பேசினாத்தான் பேச்சு நல்லா வருது.”

சுண்டுவின் பிடி தளர்ந்து, முகம் மறுபடி தெரிந்தது. மூக்கி அதைப் பார்த்தாள். ஒற்றைக் காதோடு அது இப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

“இனிமே பெரிய வண்டி வரப்போகுது,” என்றாள் சுண்டு. “அதுல அப்பா இருக்க மாட்டாரு.”

அவள் எந்த அப்பாவைச் சொல்கிறாள் என்று மூக்கிக்குப் புரிந்தது.

என்ன செய்வது? காரை விற்றாகிவிட்டது. நாலு மணிக்கு ஆள் வரும். முகம் இருக்கையில் இருக்க முடியாது. தாளில் இதைப் பார்த்து வரையலாம். ஆனால் பார்த்து வரைந்தால் அது வேறு முகமாகிவிடும். இத்தனை நாள் கதை கேட்ட முகம் இதுதான்.

மூக்கி தன் கையில் இருந்த துணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். துணியின் மூலையில், நீலமாக, வளைவாக, அச்சு அசலாக ஒரு காது இருந்தது! நாலு முறை ஒற்றியதால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலங்கிப்போயிருந்தாலும் அது காதேதான்.

பேனா மையைத் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தேய்த்தால் மை தோல் முழுக்கப் பரவிவிடும். ஒற்றினால் மை தோலை விட்டுத் துணிக்கு வந்துவிடும். துணிக்கு வந்த மை எங்கே போகிறது என்று இதுவரை மூக்கி யோசித்ததில்லை. துவைக்கிற வாளிக்குத்தானே போகிறது!

“சுண்டு,” என்றாள் அவள் மெதுவாக, “உங்க அப்பா துணிக்கு மாறினா உனக்குச் சம்மதமா?”

அடுத்த நிமிடம் அவள் அம்மாவின் எதிரில் நின்றாள். “அம்மா, பெரிய துணியா வச்சு, ஒரே அழுத்தா அழுத்தினா மொத்த முகமும் வந்துடுமா?”

அம்மா பிரஷைக் கீழே வைத்தாள். “ஒரே அழுத்துல மை பூரா வராதுடி. ரெண்டாவது, மூணாவது துணி எல்லாம் வேணும்.”

“முதல் துணி எனக்கு. மிச்சமெல்லாம் உனக்கு.”

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு காருக்குள் சுருண்டிருந்த சின்ன உருவத்தைப் பார்த்தாள். “முதல் தடவைதான் மை நல்லா ஏறும். தப்பினா அவ்வளவுதான். முதல்ல வேற எதுலயாவது செஞ்சு பாரு. மருந்தை மட்டும் நான்தான் ஊத்துவேன்.”

கடையில் கிழிந்த பழைய இருக்கையிலிருந்து வெட்டிய தோல் துண்டு ஒன்று கிடந்தது. எந்தப் புது க்ரீம் வந்தாலும் அதில்தான் முதலில் பூசிப் பார்ப்பார்கள். மூக்கி அதில் பேனாவால் அம்மாவின் முகத்தை நாலு இடத்தில் வரைந்தாள். சுண்டு காருக்குள் இருந்தபடியே கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தாள்.

முதல் துணியில் மருந்து அதிகமாகிவிட்டது. அம்மாவின் முகம் கரைந்து, மழையில் நனைந்த பூனை மாதிரி ஆகிவிட்டது.

“இது நானா?” என்றாள் அம்மா.

அடுத்த துணியை ஒட்டப் பிழிந்துவிட்டாள். அதில் அம்மா வரவே இல்லை, ஒரு புருவம் மட்டும் வந்தது. மூன்றாவது அளவு சரிதான், ஆனால் அழுத்தும்போது கை நகர்ந்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு மூக்கு, மூன்று உதடு.

“ஆன்ட்டி பயமா இருக்காங்க,” என்றாள் சுண்டு. அவள் ஒரு காலைக் காருக்கு வெளியே வைத்திருந்தாள்.

மூக்கி யோசித்தாள். ஈரம் சரி. கைதான் நகர்கிறது. அப்படியானால் கையால் அழுத்தக் கூடாது. தட்டையாக, கனமாக ஏதாவது வேண்டும். மாடிக்கு ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் பலகையை எடுத்துவந்தாள். துணியைத் தோலின் மேல் விரித்து, அதன் மேல் பலகையை வைத்து, அசையாமல் அழுத்தினாள். முப்பது எண்ணினாள். எடுத்தாள்.

நாலாவது அம்மா அழகாக இருந்தாள்.

கடிகாரம் இரண்டு இருபதைக் காட்டியது. மூக்கி அலமாரியைக் குடைந்து பழைய தலையணை உறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைத் துணி அது. அதை நேராக வெட்டி நீட்டினாள். அம்மா மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிழிந்து கொடுத்தாள்.

“இப்போ நீ நகரணும் சுண்டு. நீயே மேல் மூலை ரெண்டையும் பிடிச்சுக்கோ. நான் கீழ் மூலையைப் பிடிக்கிறேன். அம்மா பலகையை வைப்பாங்க.”

சுண்டு இருக்கையை விட்டுக் கையை எடுத்தாள். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அதன் இன்னொரு காதருகில் போய் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று மூக்கி கேட்கவில்லை.

துணி விரிந்தது. பலகை அமர்ந்தது. “ஒண்ணு... ரெண்டு... மூணு...” என்று மூவரும் எண்ணினார்கள். சுண்டுவுக்கு இருபதுக்கு மேல் தெரியாது, அதனால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். முப்பதானதும் அம்மா பலகையை எடுத்தாள். மூக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை உரித்தாள்.

வட்டத் தலை இருந்தது. கண்ணாடி இருந்தது. ஏழு முடிகளும் இருந்தன. சிரிப்பு ஒரு சொட்டும் குறையாமல் வந்திருந்தது.

சுண்டு குதித்தாள். பிறகு நின்றாள். அவள் முகம் சுருங்கியது. “இல்ல! போன காது இது இல்ல. சன்னல் பக்கத்துக் காதுதான் போச்சு. இதுல அந்தக் காது இருக்கு, இந்தக் காதைக் காணோம்!”

மூக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், முகம் இடம் வலமாக மாறியிருந்தது, கண்ணாடியில் பார்ப்பதைப் போல. பரிசோதனை அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காது இருந்ததால் இது தெரியாமலே போய்விட்டது.

அவள் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நைந்த துணி. மை மறுபக்கம் வரை ஊறியிருந்தது. மெல்லத் துணியைத் திருப்பினாள்.

“இப்போ?”

சுண்டு விரலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஏழில் கொஞ்சம் சாய்ந்திருந்த ஒரு முடி அதே பக்கம். இருந்த காது இருந்த இடத்தில். போன காது போன இடத்தில்.

“அப்பாதான்,” என்றாள்.

கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, சுண்டு காரை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் விரித்த துணி. அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். “நல்ல பொண்ணு. இது என்ன துணி? யாரு இது?”

“நீதான்.”

“நானா? என்னை எதுக்குச் சீட்டுல வரைஞ்சே?”

“நீ ஓட்டும்போது திரும்பக் கூடாதுல்ல. அதான் முகத்தை இந்தப் பக்கம் வரைஞ்சேன். நான் இதுகிட்டப் பேசுவேன்.”

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொன்னாள். கண்ணாடிக்காரர் குனிந்து அந்தத் துணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் தினமும் உன் கூடத்தான் இருக்கேன்னு நினைச்சேன் சுண்டு,” என்றார் மெதுவாக.

“இருக்கே. முன்னாடி இருக்கே.”

மூக்கி முன்னால் வந்தாள். “அங்கிள், ஒரு காது இல்லாம இருக்குல்ல, அது நான் பண்ண தப்பு.” பேனாவை எடுத்துச் சுண்டுவிடம் நீட்டினாள். “துணி காஞ்சிடுச்சு. வரைஞ்சுடு.”

சுண்டு பேனாவை வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். “நீ இங்க உக்காரு. பாத்துத்தான் வரையணும். அசையக் கூடாது.”

கண்ணாடிக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். முழங்காலும் முழங்காலும் இடித்தன. சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் கை தானாக அங்கே போனது.

“அசையாதே!”

கை பாதியில் நின்றது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி அடித்தது. வாளியின் மேல் உட்கார்ந்தவர் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க நிறுத்திய பையன் மாதிரி விறைப்பாக இருந்தார்.

“அப்பா!” என்று சுண்டு திடீரென்று கத்தினாள். “உன் காதுல மச்சம் இருக்கு!”

“இருக்கா? எனக்கே தெரியாதே. எங்க?”

“இங்க. கீழே. குட்டியா.” அவள் எட்டித் தொட்டுக் காட்டினாள். அப்புறம் துணியில் காதை வரைந்து, அதில் மறக்காமல் ஒரு புள்ளி வைத்தாள். காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சொல்லப்போனால் இட்லித் தட்டு அளவுக்கு இருந்தது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் யாரும் சொல்லவில்லை.

காருக்குள் அம்மாவும் மூக்கியும் சுறுசுறுப்பாக இறங்கினார்கள். இரண்டாவது துணி, மூன்றாவது துணி, நாலாவது துணி. நீலம் வெளுத்து, வெளுத்து, பழுப்பு மட்டும் மிஞ்சியது. ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. சரியாக மூன்று மணிக்கு அம்மா க்ரீம் டப்பாவைத் திறந்தாள். பட்டாணி அளவு எடுத்துப் பஞ்சில் தொட்டு, தோலில் மெல்லிசாகத் தடவிக்கொண்டே போனார்கள். காய்ந்துபோன தோல் க்ரீமை உறிஞ்சி, மெல்ல மெல்ல நிறம் கூடியது. பிறகு கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மிச்சம் இருந்ததைத் துடைத்து எடுத்தபோது இருக்கைகள் மினுக்காமல், வழுக்காமல், மெத்தென்று இருந்தன.

வாங்குபவர் நாலு மணிக்கு டாண் என்று வந்தார். அவர் ஒரு பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் பல்லைப் பார்ப்பது மாதிரிதான் பார்ப்பார் போலிருக்கிறது. கைவிளக்கை அடித்துக்கொண்டு காருக்குள் தலையை நுழைத்தார்.

அம்மா ஒளிக்கவில்லை. “டாக்டர், இங்க பேனாவால வரைஞ்சிருந்தாங்க. எடுத்துட்டோம். இந்தத் தையல் ஓட்டைக்குள்ள மட்டும் ஒரு புள்ளி நீலம் நிக்குது. அதை நோண்டினா நூல் போயிடும், அதான் விட்டுட்டேன்.”

டாக்டர் அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தார். “சொத்தை இல்ல, வெறும் கறைதான்,” என்று தீர்ப்புச் சொன்னார். “என்ன வரைஞ்சிருந்தாங்க?”

“எங்க அப்பா,” என்று சுண்டு துணியைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் அதன் சிரிப்பில் விளக்கை அடித்துப் பார்த்தார். “பல்லெல்லாம் வரிசையா இருக்கே! பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

கார் போன பிறகு கடை சட்டென்று பெரிதாகிவிட்டது. கண்ணாடிக்காரர் மூக்கியின் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. ஆனால் “ரொம்ப தேங்க்ஸ்ம்மா” என்பது மட்டும்தான் வந்தது. மூக்கிக்கு அது போதுமானதாக இருந்தது.

“வண்டி இல்லாம எப்படி சார் போவீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துடுவோம் மேடம்.”

இருவரும் நடைபாதையில் இறங்கினார்கள். மூக்கி வாசலில் நின்று பார்த்தாள். சுண்டு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தைய நாள் பள்ளியில் பக்கத்துப் பையன் பசையைத் தின்ற கதையை ஆரம்பித்தாள். பத்தடி போனதும் கண்ணாடிக்காரர் நின்றார். அவளைத் தாண்டி முன்னால் போனார். திரும்பி நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார்.

“சார், பின்னாடி கம்பம்!” என்று அம்மா கத்தினாள்.

“எனக்குத் தெரியும் ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்!” என்று சுண்டு பதிலுக்குக் கத்தினாள். “அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ம், வா. அப்புறம் அவன் மிச்சப் பசையையும் தின்னுட்டான்ப்பா!”

“அய்யோ, அப்புறம்?” என்றார் அவர்.

அவள் வழியும் சொன்னாள், கதையும் சொன்னாள். தெருமுனை வரைக்கும் அவர் ஒரு தடவைகூடச் சாலைப் பக்கம் திரும்பவில்லை.